அலை இல்லாத இடத்தில் மணல் இல்லை

பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குக் கிளம்பும் எந்தக் குடும்பமும் கடலிடம் இரண்டு வரங்களைக் கேட்கிறது. அலை குழந்தையைப் புரட்டிப் போடக்கூடாது. காலடியில் சேறில்லாமல் நல்ல மணல் இருக்க வேண்டும். கிரேக்கத் தீவுகளின் சுற்றுலா விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒரே படத்தில் காட்டிக் காட்டி, அமைதியும் மணலும் ஒன்றாகவே பிறந்தவை என்று நம்மை நம்ப வைத்திருக்கின்றன. மலேசியாவின் பினாங்குத் தீவு அப்படி நம்ப விடுவதில்லை. ஜார்ஜ்டவுனில் பாடாங் கோத்தா மதிலுக்குக் கீழே கடல் பெரும்பாலான நாட்களில் அசையாமல்தான் கிடக்கிறது. ஆனால் யாரும் அங்கே பிள்ளையை இறக்குவதில்லை. நீச்சலுக்கும் மணல்வீட்டுக்கும் ஊர் மொத்தமும் தஞ்சோங் பூங்காவைத் தாண்டி, பத்து பெரிங்கிக்கும் தெலுக் பஹாங்குக்கும் பேருந்து ஏறுகிறது. மிக அமைதியான கடல் வீட்டு வாசலில் இருக்கும்போது, கொஞ்சம் அலையடிக்கும் கடலைத் தேடிப் பதினைந்து கிலோமீட்டர் போவது ஏன்? நகரத்துக் கடல் அழுக்கு என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. மீதியை விளக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை: மணற்கரை என்பதே அலையின் கைவேலை, அலையை முழுதாக அடக்கிவிட்ட கடலுக்குக் கரை இருக்கும், மணல் இருக்காது.

காற்று அலையை எழுப்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயரத்துக்கு எழுப்பும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் அது நீர்மேல் ஓடிவரும் தூரம். பினாங்கைப் புரிந்துகொள்ள மூன்றாவதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே உள்ள கால்வாய் குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலம்தான். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் காற்று அதைக் குறுக்கே கடந்தால், கடற்பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி சுமார் 14 சென்டிமீட்டர் அலைதான் எழும். அதே காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த நீரில் நெடுநேரம் ஓடினால் அலை 60 சென்டிமீட்டரை எட்டும். உயரத்தைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கால்வாயின் குட்டி அலைக்கு ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நான்கு மீட்டருக்கும் குறைவு; திறந்த கடலின் அலைக்கு இருபத்தைந்து மீட்டருக்கு மேல். தன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் ஓர் அலை தண்ணீரை அசைக்கும். ஆகவே முதலாவது இரண்டு மீட்டருக்குக் கீழே கடலடியைத் தொடுவதே இல்லை. இரண்டாவது பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் வரை இறங்கி அடியில் கிடப்பதைக் கிளறிவிடும். இந்தக் கிளறல்தான் பின்னால் மணலுக்கும் சேற்றுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கப்போகிறது.

உள்ளூர்க் காற்று எழுப்புவது ஒரு வகை அலை. எங்கோ எழுந்து, காற்றை விட்டுப் பிரிந்து, பல நாள் பயணம் செய்து வரும் நெடும் அலை இன்னொரு வகை. சென்னை மெரினாவில் காற்றே இல்லாத காலையிலும் கரையில் மோதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் புயல்கள் ஓய்வதே இல்லை. அங்கே பிறக்கும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இந்தியக் கரைகளுக்கு வந்துசேர்கின்றன. வானம் தெளிந்திருக்க, திடீரென்று கடல் ஊருக்குள் ஏறும் கள்ளக்கடலும் அப்படித் தொலைவிலிருந்து வருவதே. பினாங்குக்கு அந்த விருந்தாளி வருவதில்லை, ஏனென்றால் வழியில் சுமத்ரா படுத்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தீவு, தென்மேற்கிலிருந்து வரும் ஒவ்வொரு நெடும் அலையையும் தன் மேற்குக் கரையில் வாங்கிக்கொள்கிறது. சுமத்ராவின் பாடாங் நகரத்துக்கு வெளியே மெந்தாவாய்த் தீவுகளில் உலகின் அலைச்சறுக்கு வீரர்கள் கூடுவதும், அவற்றுக்கு வடக்கே பினாங்கில் ஒரு சறுக்குப் பலகையைக்கூடக் காண முடியாததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள். பினாங்குக் கடலின் சாந்தம் இன்னொரு நாட்டு மலைத்தொடரிடமிருந்து வாங்கிய கடன் என்று சொல்லலாம்.

பருவக்காற்றுகளும் இப்படித்தான் இருபுறமும் முடக்கப்படுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து திரெங்கானு, கிளந்தான் கரைகளை அடித்து நொறுக்குகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் கதவைச் சாத்திவிடுகின்றன. அந்தக் காற்று தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடரை ஏறி இறங்கும்போது வேகம் இழக்கிறது. பினாங்கில் அது வறண்ட, தெளிந்த, கடலுக்கு இதமான காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் முறை. அப்போது சுமத்ராவின் பாரிசான் மலைகள் முன்னால் நின்று தாங்கிக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. 'சுமத்ரா' என்றே வானிலையாளர்கள் பெயரிட்டிருக்கும் இடிமழைக் காற்று, நீரிணையின் மேல் இரவில் திரண்டு, விடியற்காலையில் வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, ஓரிரு மணி நேரம் கடலைக் கொதிக்க வைத்துவிட்டு அடங்கிவிடும். காலை பத்து மணிக்குப் பத்து பெரிங்கிக்கு வருகிற குடும்பத்துக்கு அது நடந்ததே தெரியாது. விடிவதற்கு முன் படகெடுக்கும் தெலுக் பஹாங் மீனவருக்கு நன்றாகவே தெரியும்.

இனி மணல். மலையிலிருந்து மழை அரித்துக்கொண்டு வருவது மணல் மட்டுமில்லை. மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது கடலின் வேலை, அதற்குக் கடல் கையாளும் கருவி படியும் வேகம். 0.2 மில்லிமீட்டர் மணற்பரல் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே எடுக்கும். இரண்டு மைக்ரான் களிமண் துகள் தனியாக இறங்கினால் அதே ஒரு மீட்டருக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். கடல்நீரின் உப்பு இந்தத் துகள்களைத் திரள வைப்பதால் நடைமுறையில் இன்னும் சீக்கிரம் படியும். ஆனாலும் மணலோடு ஒப்பிட்டால் அது மிதந்துகொண்டே திரியும் வகைதான். ஒவ்வொரு சில நொடிக்கும் ஓர் அலை வந்து கலக்கிக்கொண்டிருக்கும் கரையில் மணல் உடனுக்குடன் விழுந்துவிடும். களிமண்ணுக்கு விழ நேரமே கிடைக்காது, ஓதம் அதை ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும். அலை ஓய்ந்த கரையில் நிலைமை தலைகீழ். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம் திசைமாறும்போது நீர் சற்று நிற்கிறது, சேறு இறங்குகிறது, இறங்கியதைக் கிளப்ப ஆளில்லை.

இதற்குத் தீவே சாட்சி. கிழக்குக் கரையில், ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை, பினாங்குப் பாலத்தின் இருபுறமும், ஓதம் வற்றினால் வெளிப்படுவது கரும்பழுப்புச் சேற்றுத்தளம். எதிர்க்கரையில் செபராங் பிறை, வடக்கே மூடா ஆற்றின் முகம் எங்கும் அதுவே. இது கால்வாயின் 14 சென்டிமீட்டர் அலைக்கு உரிய கரை. வடக்கே திரும்பினால் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங். கருங்கல் முனைகளுக்கு நடுவே ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டு மணல். இந்தக் கரை அந்தமான் கடலை நோக்கித் திறந்திருக்கிறது, ஆனால் முழுதாக அல்ல. இன்னும் மேற்கே, 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், மூக்கா முனையைச் சுற்றிப் போனால் பந்தாய் கெராச்சுட் வருகிறது. அங்கே மணல் பருமன், கரை செங்குத்து, நீரோட்டம் வலுவானது. குளிக்க வேண்டாம் என்று வருவோரை எச்சரிக்கிறார்கள். பச்சை ஆமைகளுக்கு அதுவே பிடித்த இடம். மேடான, நீர் வடியும் பருமணல்தான் முட்டையைக் காக்கும். அதே முனையின் மறைவில், அலை மெலிந்து வரும் தெலுக் டுயோங்கில், மறுபடியும் பிள்ளைகள் விளையாடலாம். சேறு, மெல்லிய மணல், பருமணல் என்ற இந்த வரிசையை முப்பது கிலோமீட்டருக்குள் காட்டும் தீவுகள் அதிகம் இல்லை.

அந்த வரிசையில் குடும்பங்களுக்கு ஏற்ற இடம் எவ்வளவு குறுகலானது என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஐந்து சென்டிமீட்டர் அலை கடந்து போகும்போது அடியில் தண்ணீரின் வேகம் நொடிக்கு எட்டு சென்டிமீட்டர். பொடிமணலைக்கூட அசைக்க அது போதாது. முப்பது சென்டிமீட்டர் அலையென்றால் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர்: மணல் புரளும், சேறு தங்காது, ஐந்து வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே நிற்கும். இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மீட்டர் அலை வந்தால் வேகம் நொடிக்கு 1.6 மீட்டரைத் தாண்டுகிறது. நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அது முந்தையதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்த இடத்தில் பெரியவர்களும் நிற்க முடியாது. ஆக மணலுக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது, குழந்தைக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது குறுகிய இடைவெளிதான். பத்து பெரிங்கி வருடத்தில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அதன் புகழுக்கு விடுதி முதலாளிகள் உரிமை கோரலாம். கணக்குக்கு அவர்கள் பொறுப்பில்லை.

தமிழர்களின் கடல் வரலாறும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. சென்னைக்கு உலகம் வியக்கும் நீண்ட மணற்கரை வாய்த்தது, துறைமுகம் வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலுக்குள் கல் மதில் கட்டும் வரை, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலையைக் கிழித்துக் கரைசேர்த்தன. அந்த மதில் வந்த பிறகு வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் தெற்கே தேங்கி, மெரினா இன்னும் அகன்றது. பினாங்கில் நேர்மாறு. 1786இல் பிரான்சிஸ் லைட் தஞ்சோங் பெனாகாவில் இறங்கியதும், கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஊர் அமைத்ததும், மலைத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே எந்தப் பருவத்திலும் கப்பல் அசையாமல் நிற்கக்கூடிய நீர் கிடைத்ததால்தான். நாகப்பட்டினத்தில் படகிலேறி, ஆடும் கடலில் ரஜூலா கப்பலைப் பிடித்த எத்தனையோ குடும்பங்கள் பினாங்குத் துறைக்குள் நுழைந்தபோது முதலில் உணர்ந்திருக்கக் கூடியது இந்த வேறுபாடு. நல்ல துறைமுகமும் நல்ல மணற்கரையும் கடலிடம் எதிரெதிரானவற்றைக் கேட்கின்றன. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்த ஊர். அதன் வாசலில் மணல் கேட்பது நியாயமில்லை.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் எழும். கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் அகியோஸ் கியோர்கியோஸ் கடற்கரையில் இடுப்பளவு நீர் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகிறது, அலை இல்லை, ஆனாலும் மணல் பளிச்சென்று இருக்கிறது, நீரடியில் கால்விரலை எண்ணலாம். அமைதி சேற்றைத் தரும் என்றால் அங்கே சேறு எங்கே? பதில்: அமைதி சேற்றைப் படிய வைக்கும், உண்டாக்காது. படிவதற்கு முதலில் சேறு வந்துசேர வேண்டும். சைக்ளடீஸ் தீவுகளில் வருடத்துக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது, கோடையில் சொட்டுக்கூட விழாது, ஓடும் ஆறு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பினாங்கில் 2,400 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. இரண்டு இடத்திலும் கருங்கல் வகைப் பாறை உண்டு. ஆனால் வெப்பமும் மழையும் சேர்ந்த இடத்தில் அந்தப் பாறையின் பெல்ஸ்பார் அழுகிக் களிமண்ணாகிறது, வறண்ட இடத்தில் பாறை பரலாக உதிர்வதோடு நின்றுவிடுகிறது. பினாங்கின் கொடிமலைச் சரிவுகளில் செம்மண் எவ்வளவு ஆழம் என்பதை மழைக்கால மண்சரிவுகள் அவ்வப்போது காட்டித் தருகின்றன. தெளிந்த நீருக்கும் தனிக் காரணம் இருக்கிறது. கிழக்கு மத்தியதரைக் கடல் ஊட்டச்சத்து, முக்கியமாகப் பாஸ்பரஸ், மிகக் குறைந்த நீர். நுண்பாசி வளராததால் அது கண்ணாடியாக இருக்கிறது. அந்த அழகு ஒருவகைப் பட்டினி. கலங்கிய மலாக்கா நீரிணையோ இறாலையும் கெராங் சிப்பியையும் கொடுவாவையும் அள்ளித் தருகிறது. தெலுக் பஹாங்கின் மீன்கடைகள் அந்தக் கலங்கலில்தான் நடக்கின்றன. மேலும் நக்சோஸில் அலையே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. அரிஸ்டாட்டில் காலத்திலேயே பெயர் பெற்ற கோடை வடகாற்று, இன்று மெல்தெமி எனப்படுவது, அந்தக் கடற்கரையின் தென்கோடியில் பாய்ச்சறுக்கு விளையாடுவோரைக் கூட்டுகிறது. நூற்றுக்கணக்கான தீவுகள் இடையிடையே நின்று காற்று ஓடும் தூரத்தைத் துண்டாடுகின்றன, அவ்வளவுதான். ஏஜியன் கடலில் ஓதம் சில பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்காததால் கடலடி வெளியே தெரிவதும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் தீவுக்குள்ளிருந்தே வருகிறது, எனக்கு இதுதான் வலுவானதாகப் படுகிறது. பாலிக் பூலாவின் மேற்குக் கரை நீரிணையைப் பார்த்துத் திறந்திருக்கிறது. எதிரே சுமத்ரா வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீர். என் வாதப்படி அங்கே மணல் இருக்க வேண்டும். இருப்பதோ பெரும்பகுதி சேறும் அலையாத்திக் காடும். காரணம், சேறு தானே அலையைக் கொல்லும் என்பது. கேரளத்தில் ஆலப்புழைக் கடலோரத்தில் தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது, கரை முழுவதும் கொந்தளிக்க, சில இடங்களில் மட்டும் கடல் எண்ணெய் தடவியதுபோல் படுத்துவிடும். 'சாகரா' என்று கொண்டாடி மீனவர்கள் படகிறக்குவார்கள். கடலடியில் குழம்பாகக் கிடக்கும் மென்சேறு அலையோடு சேர்ந்து ஆடி, உள்ளுராய்வில் அதன் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடுவதால் நடப்பது அது. மணலடிக்கு இந்தத் திறமை கிடையாது. ஆகவே ஒரு கரையில் சேறு ஓரளவு சேர்ந்துவிட்டால் அலை மெலியும், மெலிந்தால் இன்னும் சேறு சேரும், சேற்றில் அலையாத்தி வேரூன்றினால் கதை முடிந்தது. பாலிக் பூலாவின் தட்டையான, ஆழமில்லாத கடலடியில் இந்தச் சுழல் எப்போதோ தொடங்கிவிட்டது. பாறைமுனைகளை ஒட்டிக் கடல் சட்டென்று ஆழமாகும் இடங்களில், வடக்கே கெராச்சுட்டிலும் தெற்கே பாசிர் பாஞ்சாங்கிலும், அலை உயிரோடு வந்துசேர்கிறது; அங்கே மணல் இருக்கிறது. ஆகக் காற்று ஓடும் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கரைக்கு முன்னால் அடித்தளம் எப்படிச் சரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விதி உடையவில்லை, அதற்கு இரண்டாவது ஒரு வரி தேவைப்படுகிறது.

இதெல்லாம் இயற்கை என்று சொல்லி மனிதர்களை விடுவிக்கிறீர்கள் என்று பினாங்கில் யாரும் கேட்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாக நிலமீட்புக்கும் மலைச்சரிவுக் கட்டுமானத்துக்கும் எதிராகக் குரல் கொடுத்துவரும் ஊர் இது. கேள்வி நியாயமானது. மலையை வெட்டினால் ஓடைகளில் களிமண் கூடுகிறது. வரவு கூடினால் படிவும் கூடும். கழிவுநீர் கலந்தால் நோய்க்கிருமி வரும். கலங்கிய நீரில் வெயிலின் புறஊதாக் கதிர் ஆழம் போகாததால் அந்தக் கிருமிகள் கூடுதல் நேரம் உயிர்வாழும். ஆனால் மனிதக் கை மிகத் தெளிவாகத் தெரியும் இடமே என் வாதத்துக்குச் சிறந்த சான்றாகவும் இருக்கிறது. ஜார்ஜ்டவுனின் குர்னி டிரைவுக்கு முன்னால் ஒருகாலத்தில் மணல் இருந்தது. வடக்குக் கடற்கரை என்றே அந்தப் பக்கத்தை அழைத்தார்கள். மணல் அரித்துப் போய்க் கல்மதில் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பின் தஞ்சோங் தொக்கோங்கில் கடலைத் தூர்த்து ஸ்ரீ தஞ்சோங் பினாங் எழுந்தது. நிலம் கடலுக்குள் நீண்டால் அதன் மறைவில் இருக்கும் குடாவுக்கு அலை குறையும். குர்னியின் மதிலடியில் சேறு ஏறியது, அதில் அலையாத்திக் கன்றுகள் தாமாக முளைத்தன. யாரும் நடவில்லை. அமைதியைக் கூட்டினார்கள், சேறு வந்தது; பாலிக் பூலாவில் கடல் தானாகச் செய்ததை இங்கே லாரிகள் செய்தன.

அமைதி என்று இத்தனை முறை எழுதிய பிறகு 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையைத் தவிர்க்க முடியாது. அது ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் மட்டும் 52 பேர், மலேசியா முழுவதும் 68 பேர் இறந்தனர்; பாசிர் பாஞ்சாங்கில் உல்லாசமாகக் குளித்துக்கொண்டிருந்த குடும்பங்களும் அதில் அடக்கம். சுமத்ராவின் மறைவு எங்கே போயிற்று? மறைவு இருந்தது, அது எந்த அலைக்கான மறைவு என்பதுதான் விஷயம். காற்றலையின் நீளம் மீட்டர்களில். ஆழிப்பேரலையின் நீளம் நூறு கிலோமீட்டர்களில். கடலின் முழு ஆழமும் சேர்ந்து நகரும் அந்த அலைக்கு ஒரு தீவு முனையை வளைந்து வருவது பெரிய காரியம் இல்லை. அதோடு அன்றைய நிலப்பிளவு சுமத்ராவின் அச்சேயில் நிற்கவில்லை. 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை அது ஓடியது. அந்த வடபகுதிக்கும் பினாங்குக்கும் நடுவே சுமத்ரா கிடையாது, திறந்த அந்தமான் கடல்தான். ஆழமில்லாத நீரிணை ஓர் உதவி செய்தது: நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் போகும் அலை, ஐம்பது மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டராகத் தளர்கிறது. காலை ஒன்பதுக்குச் சற்று முன் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலை பினாங்கை மதிய நேரத்தில்தான் தொட்டது. அந்த மணிநேரங்களில் எச்சரிக்கை எதுவும் கரைக்கு வந்துசேரவில்லை. மறைவின்றி அடி வாங்கிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதோடு ஒப்பிட்டால் பினாங்கு தப்பியது என்று சொல்லத் தோன்றும். இறந்தவர்களின் வீட்டில் அந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. இங்கே சொல்லக்கூடியது இவ்வளவே: கடல் அமைதியானது என்று நாம் சொல்லும்போது சில நொடிக்கு ஒருமுறை வரும் அலைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

சிறிய ஆபத்துகளிலும் இதே குழப்பம் உண்டு. மெதுவான, கலங்கலான, வெதுவெதுப்பான கரையோர நீர் குழந்தைக்கு மட்டுமில்லை, இழுதுமீனுக்கும் பிடிக்கும். கடும் விஷமுள்ள பெட்டி வடிவ இழுதுமீன்கள் பினாங்குக் கடலில் உண்டு. தேசியப் பூங்காவின் தெலுக் அலிங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் இவற்றை ஆராய்ந்துவருகிறது. அலை உயரத்தை ஒரு நோட்டத்தில் கணிக்கலாம். கலங்கிய நீரில் ஒளி ஊடுருவும் உடலுள்ள உயிரைக் கணிக்க முடியாது. அதற்குக் கடலோர அறிவிப்புப் பலகையும், உடலை மூடும் நீச்சலுடையும், கையில் ஒரு புட்டி வினிகரும்தான் வழி. ஓதத்தைக் கணிப்பது இதைவிட எளிது, ஆனால் சுற்றுலா வருபவர்கள் அதைத்தான் மறக்கிறார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் பினாங்கில் கடல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் இரண்டு மீட்டர் இறக்கம் என்றால் நீர் இருநூறு மீட்டர் பின்வாங்கிவிடும். காலையில் மணலும் நீருமாக இருந்த இடம் பிற்பகலில் சேற்றுவெளியாகத் தெரிந்தால் கடலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசி மகம் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது, அதுவும் சம இரவுபகல் நாளுக்கு அருகில், ஓத வீச்சு பெரிதாக இருக்கும் காலத்தில். அம்மனின் மிதவைத் தேர் கடலில் இறங்க உயர் ஓதமும் வேண்டும், அலையில்லாத நீரும் வேண்டும். வடகிழக்குப் பருவம் ஓயும் அந்த வாரங்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் தந்துவிடுகின்றன. முதலாவதுக்கு ஓத அட்டவணையைப் பார்த்தால் போதும்.

குர்னிக்கு முன்னால் கடலைத் தூர்த்த நிலத்துக்கான பூங்காத் திட்டத்தில் ஒரு செயற்கை மணற்கரையும் இருக்கிறது. இதுவரை சொன்னது சரியென்றால் அந்த மணலுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். நிலமீட்பின் மறைவில் குட்டி அலை மட்டுமே அங்கே வந்துசேருமானால், கொட்டிய மணலின் மேல் சில பருவங்களுக்குள் சாம்பல்நிறப் படலம் ஒன்று இறங்கும். அதை வாரி எடுக்க ஒவ்வொரு வருடமும் மாநகர மன்றத்தின் பணம் போகும், நிறுத்தினால் அலையாத்திக் கன்றுகள் திரும்ப வரும். மாற்று வழி, வடமேற்கிலிருந்து வரும் அலைக்கு ஓரளவு வாசல் விட்டு, முப்பது சென்டிமீட்டர் உயரமாவது கரையைத் தொடும்படி வளைவை அமைப்பது. அப்படி அமைத்தால் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியேறும், அதை அவ்வப்போது நிரப்ப வேண்டும். எந்தச் செலவு மலிவு என்பது பொறியாளர்கள் போட வேண்டிய கணக்கு.